ஹிஸ்டோனில் மீத்தைல் ஒட்டுவது புற்றுநோயைத் தடுக்குமா, வளர்க்குமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டியின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் செட்-டி2 என்ற மரபணு செயலிழந்திருப்பதாக இருக்கிறது. தேடிப் பார்த்தால் அது ஹிஸ்டோனில் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தில்) மீத்தைல் ஒட்டும் புரதம், கட்டியை அடக்குவது என்று வருகிறது. கல்லூரியில் நீங்கள் படித்ததோ, மீத்தைல் ஏறினால் மரபணு அணைந்துவிடும் என்று. போதாததற்கு, அதே போல மீத்தைல் ஒட்டும் இன்னொரு நொதியை முடக்கும் மாத்திரையைப் புற்றுநோய்க்கு மருந்தாகவே தருகிறார்கள் என்றும் படித்துவிட்டீர்கள். அப்படியானால் ஒட்டுவது நல்லதா கெட்டதா, குறைந்துபோனதை ஃபோலிக் ஆசிட் மாத்திரையால் ஈடுகட்டலாமா என்பது கேள்வி. உங்களை எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில், முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் மீதிப் பதில்.

நான் மருத்துவர் இல்லை. பதினாறு ஆண்டுகள் ஆய்வகத்தில் ஹிஸ்டோன்களோடு மல்லுக்கட்டியவன், இப்போது பாடம் நடத்துகிறேன். செல்லுக்குள் நடப்பதைச் சொல்ல முடியும். உங்கள் சித்தப்பாவுக்கு அடுத்து என்ன சிகிச்சை என்பது அவருடைய புற்றுநோய் மருத்துவர் சொல்ல வேண்டியது.

முதலில் பெயரால் வந்த குழப்பத்தைத் தீர்ப்போம். மீத்தைல் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னத் துணுக்கு. அது டிஎன்ஏ மீதே ஒட்டலாம், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தின் மீதும் ஒட்டலாம். நீங்கள் கல்லூரியில் படித்தது முதல் வகை. மரபணுவின் தொடக்கப் பகுதியில் டிஎன்ஏ மீது மீத்தைல் நெருக்கமாக ஏறினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும், அது சரிதான். அறிக்கையில் வந்திருப்பது இரண்டாவது வகை. இரண்டையும் செய்யும் நொதிகள் வேறு, விளைவுகளும் வேறு. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒரே பெயரில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. என் வகுப்பில் ஆண்டுதோறும் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு மனித செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அதை நூற்கண்டில் சுற்றுவது போல ஹிஸ்டோன்கள் மீது சுற்றி வைத்திருக்கிறது செல். ஒரு கண்டில் எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் (நான்கு வகை, வகைக்கு இரண்டு), அதைச் சுற்றி 147 கார இணைகள் நீளமுள்ள டிஎன்ஏ, ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல். 1997-இல் இதன் படிக அமைப்பை அணு அணுவாகப் பார்த்தார்கள். கண்டிலிருந்து ஹிஸ்டோன்களின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அந்த வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களில்தான் மீத்தைல் ஒட்டுகிறது. ஒரே லைசினில் ஒன்று ஒட்டலாம், இரண்டு ஒட்டலாம், மூன்றும் ஒட்டலாம். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 4, 9, 27, 36 ஆகிய இடங்களில் உள்ள லைசின்கள்தான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அசெட்டைல் என்ற வேறொரு துணுக்கு ஒட்டினால் லைசினின் நேர்மின்னூட்டம் போய்விடும், அதனால் டிஎன்ஏ மீது உள்ள பிடியே கொஞ்சம் தளரும். மீத்தைல் ஒட்டினால் மின்னூட்டம் அப்படியே இருக்கும். அதாவது மீத்தைல் தன்னளவில் எதையும் திறப்பதுமில்லை, பூட்டுவதுமில்லை. போலியோ சொட்டு மருந்து போட வருபவர்கள் வாசல் கதவில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுப் போவார்களே, அது மாதிரி. அந்தக் குறி குழந்தைக்கு எந்த மருந்தும் கொடுப்பதில்லை. ஆனால் அடுத்து வருபவர் அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் கதவைத் தட்டுவதா, தாண்டிப் போவதா என்று முடிவு செய்கிறார். செல்லிலும் குறியை எழுதும் நொதிகள், படிக்கும் புரதங்கள், அழிக்கும் நொதிகள் என்று மூன்று தரப்பு உண்டு. 4-ஆம் லைசினில் மூன்று மீத்தைல் இருந்தால் அது பெரும்பாலும் இயங்கும் மரபணுவின் வாசல். 27-இல் மூன்று இருந்தால் அடக்கி வைக்கப்பட்ட மரபணு. 9-இல் மூன்று இருந்தால் நிரந்தரமாகச் சுருட்டி வைத்த பகுதி. 36-இல் மூன்று இருந்தால் இப்போது படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும் மரபணுவின் உடல் பகுதி. ஆகவே ஒட்டினால் அணையும் என்றோ ஒட்டினால் எரியும் என்றோ பொதுவாகச் சொல்லவே முடியாது. எந்தக் கதவு, எந்தக் குறி, யார் படிக்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

ஹிஸ்டோனில் மீத்தைல் இருப்பது 1964-லேயே தெரியும். ஆனால் அதை ஒட்டும் நொதி எது என்பது 2000 வரை பிடிபடவில்லை. அந்த ஆண்டு வியன்னாவில் தாமஸ் யெனுவைன் குழு எஸ்யுவி39எச்1 என்ற மனிதப் புரதம் 9-ஆம் லைசினில் மீத்தைல் ஒட்டுவதைக் காட்டியது. துப்பு கிடைத்த இடம் பழ ஈ. 1930-இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிர் பட்ட ஈக்களில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த கண்களைக் கண்டார். நிறம் தரும் மரபணு கெடவில்லை, சுருட்டி வைத்த பகுதிக்குப் பக்கத்தில் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் திட்டுகளைக் குறைக்கும் மரபணுக்களைப் பல பத்தாண்டுகள் தேடித் தேடிக் கண்டுபிடித்ததில் ஒன்றுதான் இந்த நொதியின் ஈ வடிவம். அதிலும் வேறு இரண்டு ஈப் புரதங்களிலும் பொதுவாக இருந்த ஒரு பகுதிக்கு அம்மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘செட்’ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் அறிக்கையில் உள்ள செட்-டி2-வின் ‘செட்’ அதுதான். ஒரு ஈயின் கண் நிறம் எத்தனை தூரம் வந்திருக்கிறது பாருங்கள். அப்புறம், ஒருமுறை ஒட்டிய மீத்தைல் போகவே போகாது என்று நம்பியிருந்தார்கள். 2004-இல் யாங் ஷி குழு அதை எடுக்கும் நொதியையும் கண்டுபிடித்தது.

இனி செட்-டி2. மனித செல்லில் 36-ஆம் லைசினில் மூன்றாவது மீத்தைலை ஒட்டும் வேலை ஏறத்தாழ முழுவதும் இதனுடையது. ஒன்று, இரண்டு என்று ஒட்ட வேறு நொதிகள் உண்டு, மூன்றாவதற்கு மாற்று ஆள் கிடையாது. இது சும்மா அங்கங்கே போய் ஒட்டுவதில்லை. மரபணுவைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸின் வாலைப் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் குறி போட்டுக்கொண்டே போகும். அந்தக் குறியைப் படிப்பவர்கள் பலர். மரபணுவின் நடுவில் எங்காவது தவறாகப் படியெடுப்பு தொடங்கிவிடாமல் தடுப்பவர்கள் உண்டு, ஈஸ்ட்டில் இதை மிகத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேலையோடு தொடர்புள்ளவர்கள் உண்டு. 2013-இல் தெரியவந்த இன்னொன்று எனக்குப் பிடித்தது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் குழுவில் எம்எஸ்எச்6 என்ற புரதம் இருக்கிறது. அது இந்த 36-ஆம் லைசின் குறியைப் பிடித்துக்கொண்டுதான் குரோமாட்டினில் (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த சுருளில்) இடம்பிடிக்கிறது. குறி இல்லாவிட்டால் திருத்துபவர் இருந்தும் வேலைக்கு வந்து சேர்வதில்லை.

சிறுநீரகத்துக்கும் இதற்கும் உள்ள உறவு தற்செயல் அல்ல. தெளிசெல் என்ற வகைச் சிறுநீரகப் புற்றுநோயில் 3-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை ஒன்று காணாமல் போவது மிகப் பொதுவான நிகழ்வு, பத்தில் ஒன்பது கட்டிகளில் அது இருக்கும். அந்தக் கையில்தான் விஎச்எல் என்ற பெயர்பெற்ற கட்டி அடக்கி இருக்கிறது. அதே கையில் செட்-டி2-வும், பிபிஆர்எம்1, பிஏபி1 என்ற இன்னும் இரண்டு அடக்கிகளும் இருக்கின்றன. ஒரே அடியில் நான்கிலும் ஒவ்வொரு பிரதி போய்விடுகிறது. மிச்சமுள்ள பிரதி பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டால் போதும். தெளிசெல் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் செட்-டி2-வின் இரண்டாவது பிரதியும் கெட்டிருக்கிறது.

அது உண்மையிலேயே அடக்கிதானா, இல்லை கட்டியில் தற்செயலாகக் கெட்ட ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். என்னை நம்பவைத்தது 2012-இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஒரு வேலை. ஒரே நோயாளியின் ஒரே சிறுநீரகக் கட்டியையும் அதன் பரவல்களையும் பல துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றின் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் தனித்தனியாகப் படித்தார்கள். கட்டியின் வெவ்வேறு மூலைகளில் செட்-டி2 வெவ்வேறு விதமாகக் கெட்டிருந்தது. இங்கே ஒரு பிழை, அங்கே முற்றிலும் வேறொரு பிழை, முடிவு மட்டும் ஒன்று. பக்கத்துப் பக்கத்துச் செல் கூட்டங்கள் ஒன்றையொன்று கேட்காமல் அதே பூட்டை உடைத்திருக்கின்றன என்றால், உடைப்பதில் அவற்றுக்கு லாபம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை சொன்னது உறுதி. உறுதியில்லாதது இதுதான்: செட்-டி2-வின் எந்த வேலை போனதால் கட்டி லாபம் அடைகிறது? பிழை திருத்தம் குறைந்ததாலா, ஆர்என்ஏ குளறுபடியாலா? 2016-இல் இன்னொரு குட்டையும் கிளறிவிட்டார்கள். செட்-டி2 ஹிஸ்டோனில் மட்டுமல்ல, செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கயிறுகளான டியூபுலினிலும் மீத்தைல் ஒட்டுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் ‘ஹிஸ்டோன் நொதி’ என்ற பெயரே பாதிக் கதைதான். சொந்தக் கருத்தைக் கேட்டால், ஒரே ஒரு காரணம் என்று எதுவும் கிடைக்காது, பல சிறு இழப்புகள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன். இது என் ஊகம், சான்று அல்ல.

ஹிஸ்டோனில் மீத்தைல் ஒட்டி, கட்டியையும் அடக்கும் புரதம் என்று முன்பே பெயரெடுத்தது வேறொன்று. அது ரிஸ்1. ஆர்பி என்பது விழித்திரைப் புற்றுநோயில் பிடிபட்ட கட்டி அடக்கி. அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களைத் தேடியபோது 1995-இல் சிக்கியது ரிஸ். 1-ஆம் குரோமோசோமின் நுனியில், பல புற்றுநோய்களில் அடிக்கடி தொலைந்துபோகும் பகுதியில் இருக்கிறது. இதில் சுவாரசியம் என்னவென்றால், ஒரே மரபணுவிலிருந்து இரண்டு புரதங்கள் வருகின்றன. ரிஸ்1-இல் ‘செட்’ பகுதிக்கு உறவான ஒரு பகுதி உண்டு, ரிஸ்2-இல் அது இல்லை. புற்றுநோய்களில் தொலைவது ரிஸ்1, ரிஸ்2 தங்கிவிடுகிறது. 2001-இல் ரிஸ்1 மட்டும் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள், அவற்றுக்குப் பல வகைக் கட்டிகள் வந்தன. மார்பக, கல்லீரல் புற்றுநோய்களில் ரிஸ்1-இன் தொடக்கப் பகுதியில் டிஎன்ஏ மீத்தைல் ஏறி அது ஊமையாக்கப்பட்டிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஹிஸ்டோனில் மீத்தைல் ஒட்டும் புரதத்தையே டிஎன்ஏ மீத்தைல் அடக்குகிறது! உங்கள் குழப்பம் எத்தனை நியாயமானது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் ரிஸ்1-இன் உறவுப் புரதங்கள் அடங்கிய குடும்பத்தில் எல்லாரும் நொதிகள் என்று எண்ணிவிடாதீர்கள். சிலர் தாங்களாக எதையும் ஒட்டுவதில்லை, ஒட்டுபவரை அழைத்து வருவதோடு சரி.

இப்போது மாத்திரைக்கு வருவோம். நீங்கள் படித்தது டாஸெமெட்டோஸ்டாட். அது முடக்குவது ஈஇசட்எச்2 என்ற நொதியை. 27-ஆம் லைசினில் ஒட்டி மரபணுக்களை அடக்குவது அதன் தொழில். முற்றிய புரோஸ்டேட் புற்றுநோயில் அது அளவுக்கு மீறி இருப்பதை 2002-இல் கண்டார்கள். 2010-இல் சில லிம்போமாக்களில் (நிணநீர்ப் புற்றுநோய்களில்) அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பது தெரிந்தது, அந்த மாற்றம் மூன்றாவது மீத்தைல் ஒட்டும் வேகத்தைக் கூட்டுகிறது. சரி, அப்படியென்றால் இது கெட்ட நொதி என்று முடித்துவிடலாம் என்றால், அதே 2010-இல் எலும்பு மஜ்ஜை நோய்களில் இதே நொதி செயலிழந்து கிடப்பதைக் கண்டார்கள், 2012-இல் டி-செல் ரத்தப் புற்றுநோயிலும். அந்தச் செல்களில் அது கட்டி அடக்கி. குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டிகளிலோ நொதி நன்றாகவே இருக்கிறது, ஹிஸ்டோனின் 27-ஆம் லைசினே வேறு அமிலமாக மாறி, மற்றப் பிரதிகளிலும் குறி ஏறவிடாமல் கெடுக்கிறது. டாஸெமெட்டோஸ்டாட்டுக்கு அமெரிக்காவில் 2020-இல் ஒரு அரிய சார்கோமாவுக்கும் ஃபாலிக்குலர் லிம்போமாவுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே, சிலருக்கு வேறு ரத்தப் புற்றுநோய் புதிதாக வரக்கூடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதில் டி-செல் வகையும் உண்டு, எலும்பு மஜ்ஜை நோயும் உண்டு. மேலே சொன்னதோடு வைத்துப் பாருங்கள், ஏன் என்று தானாகப் புரியும். ஒரு செல்லில் எதை அடக்கி வைத்திருப்பது அவசியமோ, அது இன்னொரு செல்லில் அடக்கவே கூடாத ஒன்றாக இருக்கிறது.

சந்தேகத்தோடு படிக்க வேண்டிய இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் குறி எங்கே இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பது ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டிய புரதங்களை வைத்து. ஒரு லைசினில் இரண்டு மீத்தைலா மூன்றா என்ற வித்தியாசத்தை ஆன்டிபாடி கண்டுபிடிக்க வேண்டும். பல சமயம் அது முடியாமல் போகும். ஒருமுறை நாங்கள் எட்டு மாதம் மூன்று மீத்தைல் என்று எழுதிவைத்தது முழுவதும், புதிய ஆன்டிபாடி வாங்கிச் சோதித்தபோது இரண்டும் மூன்றும் கலந்த கலவை என்று தெரிந்தது. அத்தனை படங்களையும் தூக்கிப் போட்டோம். அந்த வகைத் தவறு எங்களுக்கு மட்டும் நடந்தது அல்ல. அதைவிட ஆழமான கேள்வியும் உண்டு. லிம்போமாக்களில் அடிக்கடி கெடுவது கேஎம்டி2டி. 4-ஆம் லைசினில் ஒட்டுவது. பிறவியிலேயே அதில் ஒரு பிரதி கெட்டால் கபுக்கி சிண்ட்ரோம் என்ற வளர்ச்சிக் குறைபாடு வரும். 2017-இல் இந்தப் புரதத்தையும் அதன் இணையையும் எலியின் கருமூலச் செல்களில் வைத்துக்கொண்டே, ஒட்டும் திறனை மட்டும் பறித்துப் பார்த்தார்கள். குறி பெருமளவு குறைந்தது, மரபணுக்களோ பெரும்பாலும் வழக்கம்போல இயங்கின. புரதத்தையே நீக்கியபோதுதான் பெரிய பாதிப்பு. அதாவது சில நொதிகளில் முக்கியமானது குறி அல்ல, அந்தப் புரதம் அங்கே இருப்பதே. மீத்தைல் குறைந்ததால் புற்றுநோய் என்று ஒரே வரியில் சொல்லும் கட்டுரைகளை நான் இதனால்தான் முழுதாக நம்புவதில்லை.

ஃபோலிக் ஆசிட்டுக்கு வருகிறேன். மீத்தைலைக் கொண்டுவந்து தருவது எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற மூலக்கூறு. அது உருவாகும் சுழற்சியில் ஃபோலேட்டுக்கும் பி12-க்கும் பங்கு உண்டு, அந்த அளவில் உங்கள் தர்க்கம் சரி. ஆனால் சித்தப்பாவின் கட்டியில் குறைந்திருப்பது மீத்தைல் அல்ல, ஒட்டும் ஆள். சாக்பீஸை மூட்டையாக இறக்கினாலும் எழுத ஆளில்லாத தெருவில் குறி விழாது. தவிர, பெருகும் செல்கள் டிஎன்ஏ செய்யவும் ஃபோலேட்டைத்தான் கேட்கும். 1940-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாகப் பட்டது. உடனே திசையைத் திருப்பி, ஃபோலேட்டுக்கு எதிரான அமினோப்டெரினைக் கொடுத்து 1948-இல் முதல் தற்காலிகக் குணங்களை வெளியிட்டார். அந்த மருந்துகளைச் செய்து கொடுத்தது லெடர்லி நிறுவனத்தில் எல்லப்பிரகடா சுப்பாராவின் குழு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். ரத்தப் புற்றுநோயில் கண்டது சிறுநீரகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு இருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடட்டும், கர்ப்பிணிகளுக்குத் தருவதும் வேறு கதை. கட்டிக்கு மருந்தாக நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

செட்-டி2 இல்லாத கட்டியைக் குறிவைத்து மருந்து உண்டா என்றால், 2015-இல் ஆய்வகத்தில் ஒரு நல்ல தடயம் கிடைத்தது. அந்தச் செல்கள் வீ1 என்ற வேறொரு நொதியைத் தடுத்தால் செத்துவிடுகின்றன. நோயாளிகளிடம் அதே உத்தியைச் சோதித்தபோது கட்டிகள் எதிர்பார்த்தபடி சுருங்கவில்லை. அறிக்கையில் அந்த வரி இருப்பதால் மட்டும் மருந்தை மாற்றும் நிலை இன்று இல்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பரிசோதித்தது கட்டியை மட்டுமா, கூடவே ரத்தத்தையுமா என்பது ஒன்று. செட்-டி2 பொதுவாகக் கட்டிக்குள்ளேயே கெடுவது, பரம்பரையாக வருவது அல்ல. ரத்தத்தில் அது இல்லையென்றால் உங்களுக்கோ சித்தப்பாவின் பிள்ளைகளுக்கோ அந்த மாற்றம் அவரிடமிருந்து வந்திருக்க வழியில்லை. விஎச்எல் பற்றி அறிக்கையில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. அது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், ஆகவே அந்த வரிக்கு நேரே ரத்தப் பரிசோதனையின் முடிவும் இருக்கிறதா என்று பாருங்கள்.